சி டிரைவ் நிறைந்துவிட்டால் எதைக் கொண்டு பார்ப்பது, எதை எடுப்பது, எப்போது புது எஸ்எஸ்டி வாங்குவது

விண்டோஸில் சி டிரைவின் நீலப் பட்டை சிவப்பாக மாறினால் பத்து சதவீதத்துக்கும் குறைவாகத்தான் இடம் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சிவப்பைப் பார்த்ததும் பலரும் 'கிளீனர்' என்று தேடி, முதலில் கண்ணில் படுவதை இறக்கி, அதன் பெரிய பொத்தானை அழுத்துகிறார்கள், ஒன்றோ இரண்டோ ஜிபி கிடைக்கிறது, கொஞ்ச நாளில் பட்டை மறுபடி சிவப்பாகிவிடுகிறது. இடம் எங்கே போயிருக்கிறது என்று பார்க்காமல் எதையும் நீக்கத் தொடங்காதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. பார்ப்பதற்கு ஒரு கருவி, நீக்குவதற்கு வேறொரு கருவி என்று பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். இரண்டுக்கும் என்னென்ன வழிகள் இருக்கின்றன, யாருக்கு எது ஒத்துவரும் என்று இங்கே ஒப்பிட்டிருக்கிறேன். 256 ஜிபி அல்லது 512 ஜிபி எஸ்எஸ்டி போட்ட விண்டோஸ் லேப்டாப்பை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் இந்தத் தொல்லை அதிகம் வருவது அங்கேதான்.

தொடங்குவதற்கு முன் ஒரு கணக்கு. 256 ஜிபி என்று வாங்கியது விண்டோஸில் 238 ஜிபி என்றுதான் தெரியும், 512 என்பது 476. யாரும் இடத்தைத் திருடவில்லை. தயாரிப்பவர்கள் ஒரு ஜிபிக்கு 100 கோடி பைட் என்று கணக்கு வைக்கிறார்கள், விண்டோஸ் 1024-ஐ மூன்று முறை பெருக்கி, ஏறத்தாழ 107 கோடி பைட்டை ஒரு ஜிபி என்கிறது. அதனால் அந்த 18 ஜிபியைத் தேடி அலைய வேண்டாம்.

பார்ப்பதற்கு எது?

கையோடு இருப்பது விண்டோஸின் செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் ஸ்டோரேஜ். ஆப்கள் எவ்வளவு, தற்காலிக ஃபைல்கள் எவ்வளவு, படங்கள் எவ்வளவு என்று வகை பிரித்துக் காட்டும். எதையும் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை, தவறாக எதையாவது அழித்துவிடும் ஆபத்தும் குறைவு. அம்மா அப்பாவின் லேப்டாப்பாக இருந்தால் இதோடு நின்றுவிடுவேன், வேறு எதையும் அதில் போட மாட்டேன். ஆனால் மென்பொருள் வேலை செய்பவர், வீடியோ எடிட் செய்பவர், நிறைய கேம் ஆடுபவர் என்றால் இந்தப் பக்கம் போதாது, ஏனென்றால் அவர்களுடைய பெரிய ஃபைல்கள் 'மற்றவை' என்ற தலைப்பின் கீழ் மொத்தமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும், அதைப் பிரித்துப் பார்ப்பது சிரமம்.

எக்ஸ்ப்ளோரரில் ஒவ்வொரு ஃபோல்டராக வலது கிளிக் செய்து ப்ராப்பர்டீஸ் பார்ப்பது பலரின் பழக்கம். அதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். மெதுவாக நடப்பது ஒரு காரணம், அதைவிடப் பெரிய காரணம் அது காட்டும் எண் இரண்டு பக்கமும் தவறும் என்பது. நமக்கு அனுமதி இல்லாத ஃபோல்டர்களை அது எண்ணாது, அதனால் சில இடங்களில் குறைத்துக் காட்டும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம் ஃபைல்களைச் சேர்த்து வைக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் மாதிரியான இடங்களில் ஒரே ஃபைலுக்கு இரண்டு மூன்று பெயர்கள் இருக்கும், ஹார்டு லிங்க் என்பார்கள், எக்ஸ்ப்ளோரர் ஒவ்வொரு பெயரையும் தனி ஃபைலாக எண்ணிக் கூட்டிக் காட்டும். அந்த எண்ணைப் பார்த்துப் பயந்து வின்எஸ்எக்ஸ்எஸ்-ஐ கையால் அழிக்கப் போனவர்களின் கணினி அடுத்த முறை சரியாகக் கிளம்பாமல் போவதுண்டு.

ஆகவே தனிக் கருவி. இங்கே மூன்று பெயர்களைத்தான் நான் சொல்வேன்: விண்டிர்ஸ்டாட், விஸ்ட்ரீ, ட்ரீசைஸ் ஃப்ரீ.

முதல் இரண்டும் டிஸ்க் முழுவதையும் சின்னதும் பெரிதுமான வண்ணக் கட்டங்களாகக் காட்டும், ஃபைல் எவ்வளவு பெரிதோ கட்டமும் அவ்வளவு பெரிது. இந்தப் படத்துக்கு ட்ரீமேப் என்று பெயர். அது பிறந்ததே டிஸ்க் நிறைந்த எரிச்சலில்தான். 1990-இல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மேன் என்ற பேராசிரியரின் ஆய்வகத்தில் 14 பேர் சேர்ந்து பயன்படுத்திய 80 எம்பி ஹார்டு டிஸ்க் நிறைந்துபோனது, யார் எங்கே எவ்வளவு எடுத்திருக்கிறார்கள் என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும் என்று யோசித்து அவர் கண்டுபிடித்த முறை இது. இன்று பங்குச் சந்தை நிலவரத்தைக் காட்டும் பச்சை சிவப்புக் கட்டங்கள் வரை அது போய்விட்டது, ஆனால் அது பிறந்த வேலைக்கு இன்றும் அதைவிடச் சிறந்த படம் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. படத்தில் பெரிதாக ஒரு கட்டம் நின்றால் அதைத் தொட்டுப் பாருங்கள், எந்த ஃபைல் என்று தெரிந்துவிடும், அவ்வளவுதான்.

வேகத்தில் விஸ்ட்ரீதான் முன்னால். என்டிஎஃப்எஸ் முறையில் அமைந்த டிரைவில் (விண்டோஸின் சி டிரைவ் வழக்கமாக இந்த முறைதான்) எல்லா ஃபைல்களின் பெயரும் அளவும் மாஸ்டர் ஃபைல் டேபிள் என்ற ஒரே பட்டியலில் பதிவாகியிருக்கும், விஸ்ட்ரீ ஒவ்வொரு ஃபோல்டராக ஏறி இறங்காமல் நேரே அந்தப் பட்டியலை வாசித்துவிடுகிறது, அதனால் லட்சக்கணக்கான ஃபைல்கள் இருந்தாலும் சில நொடிகளில் படம் வந்துவிடும். இதற்கு அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி வேண்டும். பென் டிரைவ் எக்ஸ்ஃபேட் முறையில் இருந்தாலோ, பார்ப்பது நெட்வொர்க் டிரைவாக இருந்தாலோ இந்தக் குறுக்கு வழி கிடையாது, மற்ற கருவிகளைப் போல அதுவும் நடந்துதான் பார்க்க வேண்டும். இன்னொரு விஷயம், சொந்த உபயோகத்துக்குத்தான் அது இலவசம். அலுவலகக் கணினியில் போடுவதற்கு உரிமம் வாங்க வேண்டும், இதைப் பலரும் கவனிப்பதில்லை.

அலுவலகம் என்றால் நான் விண்டிர்ஸ்டாட் பக்கம்தான் நிற்பேன். திறந்த மூல மென்பொருள், யாரும் எங்கும் பயன்படுத்தலாம், உரிமக் கேள்வி எழாது. பல ஆண்டுகளுக்கு முன் பயன்படுத்தியவர்கள் 'அது ரொம்ப மெதுவாக ஓடுமே' என்பார்கள், அவர்கள் சொல்வது பழைய 1.1 பதிப்பை, அது புதுப்பிக்கப்படாமல் வருடக்கணக்கில் அப்படியே இருந்தது உண்மைதான். 2024-இல் 2.0 வந்தபின் நிலைமை மாறிவிட்டது, ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் ஒரே நேரத்தில் பல இடங்களை அலசுவதால் வேகம் நன்றாகவே கூடியிருக்கிறது, ஒரே ஃபைல் இரண்டு இடத்தில் இருந்தால் கண்டுபிடித்தும் கொடுக்கிறது. பழைய நினைப்பை வைத்து ஒதுக்காதீர்கள்.

ட்ரீசைஸ் ஃப்ரீ ஜெர்மனியின் ஜாம் சாஃப்ட்வேர் நிறுவனம் தருவது. கட்டங்களைப் பார்த்தால் தலை சுற்றுகிறது, எக்ஸ்ப்ளோரர் மாதிரி ஃபோல்டர் பட்டியல்தான் வேண்டும், பெரியது மேலே சின்னது கீழே வந்தால் போதும் என்பவர்களுக்கு அது பொருந்தும்.

இவற்றில் எதைத் திறந்தாலும் ஒரு விஷயத்தைக் கட்டாயம் பாருங்கள். ஃபைலின் அளவு என்று ஒரு பத்தியும் டிஸ்க்கில் அது உண்மையில் பிடித்திருக்கும் இடம் என்று இன்னொரு பத்தியும் இருக்கும், இரண்டும் ஒன்றில்லை. ஒன்டிரைவில் மேகத்தில், அதாவது இணையச் சேமிப்பில் மட்டும் இருக்கும் ஃபைல், அளவு 4 ஜிபி என்று காட்டும், டிஸ்க்கில் ஏறத்தாழ எதுவும் பிடித்திருக்காது. அதை அழித்தால் ஒரு எம்பி கூடக் கிடைக்காது, மேகத்தில் இருந்த ஒரே பிரதியும் போய்விடும். அதனால் வரிசைப்படுத்தும்போது பிடித்திருக்கும் இடத்தை வைத்தே வரிசைப்படுத்துங்கள்.

படத்தில் தெரியும் பெரிய கட்டங்கள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தனி முடிவு, எல்லாவற்றையும் ஒரே பொத்தானில் அடக்க முடியாது.

ஹைபர்ஃபில்.சிஸ் என்று ஒன்று நிற்கும், ரேமில் 40 சதவீத அளவு, அதாவது 16 ஜிபி ரேம் இருந்தால் ஆறு ஜிபிக்கு மேல். லேப்டாப்பை ஹைபர்னேட்டில் போடும்போது ரேமில் இருப்பதை எழுதி வைக்கும் இடம் அது. நீங்கள் ஹைபர்னேட் பயன்படுத்துவதே இல்லை என்றால் அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி கட்டளையால் அதை அணைத்துவிடலாம், ஃபைல் தானாகவே போய்விடும். கூடவே ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் நின்றுவிடும், எஸ்எஸ்டி உள்ள கணினியில் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆனால் மின்வெட்டு அதிகமுள்ள ஊரில், பேட்டரி பலவீனமான லேப்டாப்பில், திறந்த வேலையை அப்படியே விட்டுவிட்டு மூடுபவர் என்றால் அந்த ஆறு ஜிபியை அதற்கே விட்டுவைப்பது நல்லது. பக்கத்திலேயே பேஜ்ஃபைல்.சிஸ் இருக்கும், அதைத் தொடாதீர்கள், ரேம் போதாதபோது சிஸ்டம் சாய்ந்துகொள்ளும் இடம் அது.

விண்டோஸ்.ஓல்டு, இது பத்து இருபது ஜிபி வரை போகும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததால் பலரும் 11-க்கு மாறினார்கள், அப்படி மாறிய கணினிகளில் பழைய பதிப்பு இந்தப் பெயரில் தங்கும். பத்து நாள் வரை பழையதற்குத் திரும்பலாம், அதன்பின் வழக்கமாக விண்டோஸே அழித்துவிடும். புதியது சரியாக ஓடுகிறது, பிரிண்டர் வேலை செய்கிறது, அலுவலக மென்பொருள் திறக்கிறது என்று உறுதியானபின் செட்டிங்ஸிலிருந்தே நீக்கலாம், எக்ஸ்ப்ளோரரில் இழுத்துக் குப்பையில் போட்டால் அனுமதி இல்லை என்று பாதியில் நிற்கும்.

அடுத்தது யூசர்ஸ் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் ஆப்டேட்டா, ஆப்கள் தங்கள் தகவலைப் போட்டு வைக்கும் ஃபோல்டர். என் அனுபவத்தில் அதிக இடம் கிடைப்பது இங்கேதான், அதிகம் பேர் பார்க்காததும் இதைத்தான். ஐபோனை இந்தக் கணினியில் எப்போதாவது பேக்கப் எடுத்திருந்தால் மொபைல்சிங்க் என்ற ஃபோல்டரில் அது முழுதாக இருக்கும், விற்றுவிட்ட போனின் பேக்கப் கூட இருக்கும், ஒவ்வொன்றும் பல பத்து ஜிபி. டெலிகிராம் டெஸ்க்டாப் நீங்கள் பார்த்த ஒவ்வொரு வீடியோவையும் தேக்கி வைத்திருக்கும், அதன் செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய் லோக்கல் ஸ்டோரேஜுக்கு ஒரு உச்சவரம்பு வைத்தால் மறுபடி அதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. பிரீமியர் புரோ போன்ற எடிட்டிங் மென்பொருள்களின் மீடியா கேஷும் இப்படித்தான், கல்யாண வீடியோ வேலை செய்பவர்களின் சி டிரைவ் நிறைவதற்கு முதல் காரணம் அது, அதையும் அந்த மென்பொருளுக்குள் இருந்தே காலி செய்யலாம், வேறு டிரைவுக்கும் மாற்றலாம்.

டாக்கர், லினக்ஸ் துணை அமைப்பு எல்லாம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிப் பிரச்சினை. உள்ளே எல்லாம் ஒரே மெய்நிகர் டிஸ்க் ஃபைலுக்குள் இருக்கும், விஹெச்டிஎக்ஸ் என்று முடியும். அந்த ஃபைல் தேவைக்கு ஏற்ப வளரும், ஆனால் தானாகச் சுருங்காது. பழைய இமேஜ்களை எல்லாம் டாக்கரின் ப்ரூன் கட்டளையில் நீக்கிவிட்டு, விண்டோஸ் பக்கம் வந்து பார்த்தால் ஒரு ஜிபி கூடக் கூடியிருக்காது. லினக்ஸ் துணை அமைப்பை முழுதாக நிறுத்திவிட்டு, டிஸ்க்பார்ட் கருவியில் அந்த ஃபைலைத் தேர்ந்தெடுத்து காம்பாக்ட் செய்தால்தான் இடம் திரும்பி வரும். இது தெரியாமல் புது டிஸ்க் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். கணினியிலேயே ஏஐ மொழி மாதிரிகளை இறக்கி ஓட்டிப் பார்ப்பவர்களும் ஹக்கிங்ஃபேஸ், ஒல்லாமா ஃபோல்டர்களை ஒரு முறை பார்த்துவிடுங்கள், ஒரு மாதிரியே பல ஜிபி.

கூட்டிப் பார்த்தால் கணக்கு உதைக்கிறதா? படத்தில் 190 ஜிபி, விண்டோஸ் சொல்வது 220 என்றால், மிச்சம் பெரும்பாலும், கணினியை முந்தைய நிலைக்குத் திருப்ப உதவும் சிஸ்டம் ரெஸ்டோரின் பழைய பிரதிகள். சிஸ்டம் ப்ரொடெக்‌ஷன் பகுதியில் அதற்கு எவ்வளவு சதவீதம் என்று குறைத்து வைக்கலாம். முழுதாக அணைக்க மாட்டேன், ஒரு தவறான டிரைவர் வந்து சிஸ்டம் படுத்துவிட்டால் அதுதான் கைகொடுக்கும்.

நீக்குவதற்கு எது?

விண்டோஸ் செட்டிங்ஸின் தற்காலிக ஃபைல்கள் பக்கம், பழைய டிஸ்க் கிளீனப், தானாகவே நீக்கும் ஸ்டோரேஜ் சென்ஸ், வெளியார் கிளீனர்கள். இந்த நான்கில் முதலாவதும் மூன்றாவதும் போதும் என்பது என் முடிவு. தற்காலிக ஃபைல்கள் பக்கத்தில் அப்டேட் கிளீனப் என்ற வரியை டிக் செய்தால் வின்எஸ்எக்ஸ்எஸ்-இல் உண்மையிலேயே வேண்டாததை விண்டோஸே பாதுகாப்பாக எடுத்துவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை, அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் என்றும் ஒரு வரி வரும். 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பில் அதை டிஸ்க் கிளீனப்பிலும் சேர்த்தார்கள், எல்லாவற்றையும் டிக் செய்து ஓகே அழுத்திப் பழகியவர்கள் டவுன்லோட்ஸில் வைத்திருந்த சான்றிதழ்களையும் படங்களையும் இழந்தார்கள், பின்னால் வந்த பதிப்பில் அங்கிருந்து அதை எடுத்துவிட்டார்கள். செட்டிங்ஸ் பக்கத்தில் அது இன்னும் உண்டு, டிக் இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

ஸ்டோரேஜ் சென்ஸை ஆன் செய்து ரீசைக்கிள் பின்னில் 30 நாளுக்கு மேல் கிடப்பதை நீக்கச் சொல்லலாம். டவுன்லோட்ஸுக்கு 'ஒருபோதும் வேண்டாம்' என்பதையே வைத்திருங்கள்.

வெளியார் கிளீனர்கள் விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்கிறோம் என்பார்கள், அதில் கிடைக்கும் இடம் கணக்கில் வராத அளவு, கெடுவது மட்டும் பெரிதாக இருக்கலாம், இத்தகைய கருவிகளை ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. அதோடு, கணினியின் எல்லா மூலைக்கும் அனுமதி கொடுத்து ஒரு வெளி மென்பொருளை உள்ளே விடுகிறோம். 2017-இல் உலகம் முழுக்கப் புகழ்பெற்ற சிகிளீனரின் 5.33 பதிப்புக்குள்ளேயே தாக்குபவர்கள் தீநிரலைச் செருகிவிட்டார்கள், அதிகாரபூர்வ தளத்திலிருந்தே ஏறத்தாழ ஒரு மாதம் அது இறங்கிக்கொண்டிருந்தது, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் போய்ச் சேர்ந்தது. சில ஜிபிக்காக இந்த அபாயம் தேவையா என்று யோசியுங்கள்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். பழைய ஹார்டு டிஸ்க்கில் தவறுதலாக அழித்ததை மீட்டெடுக்க ஒரு வாய்ப்பு இருந்தது. எஸ்எஸ்டியில் ட்ரிம் என்ற ஏற்பாடு அழித்த இடத்தை உடனே துடைக்கச் சொல்லிவிடும், ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தபின் மீட்பது ஏறத்தாழ முடியாத காரியம். அதனால் குடும்பப் படங்கள் இருக்கும் ஃபோல்டரில் ஷிஃப்ட் அழுத்தி டெலீட் செய்யும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

நீக்க எதுவும் இல்லை, ஆனால் இடம் போதவில்லை

இருப்பதெல்லாம் வேண்டியதுதான் என்றால் நான்கு வழிகள். சுருக்குவது, மேகத்துக்கு அனுப்புவது, வெளி டிஸ்க்குக்கு மாற்றுவது, பெரிய எஸ்எஸ்டி வாங்குவது.

சுருக்குவதை முதலிலேயே கழித்துவிடலாம். படமும் வீடியோவும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, விண்டோஸின் கம்ப்ரஸ் வசதி அவற்றில் ஒன்றும் செய்யாது.

மேகம் வசதிதான், ஆனால் இலவச அளவு சிறிது. ஒன்டிரைவில் 5 ஜிபி, கூகுளில் 15 ஜிபி, அந்தப் பதினைந்தும் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. மாதச் சந்தா கட்டத் தயார் என்றால் ஒன்டிரைவில் ஃபோல்டரை வலது கிளிக் செய்து 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' கொடுத்தால் பெயர் மட்டும் இங்கே நிற்கும், உள்ளடக்கம் மேகத்தில் இருக்கும், திறக்கும்போது இறங்கும். இணையம் இல்லாதபோது திறக்காது. முக்கியமாக, இது பேக்கப் ஆகாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், தனிநபர் கணக்கில் 30 நாள் வரைதான் ஒன்டிரைவின் குப்பைத் தொட்டியில் இருக்கும்.

பழைய படங்கள், முடிந்துபோன வேலைகள், அடிக்கடி தொடாதவை என்றால் வெளி ஹார்டு டிஸ்க்தான் செலவு குறைந்த வழி. அலமாரியில் மாதக்கணக்கில் வைக்கப்போகிறீர்கள் என்றால் வெளி எஸ்எஸ்டியைவிட ஹார்டு டிஸ்க்கையே தேர்ந்தெடுங்கள், எஸ்எஸ்டி நெடுங்காலம் மின்சாரம் இல்லாமல் கிடந்தால் தகவல் மங்கலாம். தினமும் எடிட் செய்யும் வீடியோவை வைக்கத்தான் வெளி எஸ்எஸ்டி. எதுவாக இருந்தாலும், மாற்றியபின் அந்த டிஸ்க்கில் மட்டும்தான் அது இருக்கிறது என்றால் இடம் மாறியிருக்கிறதே தவிரப் பத்திரமாகவில்லை, இன்னொரு பிரதி எங்காவது இருக்க வேண்டும்.

பெரிய எஸ்எஸ்டி எப்போது? மேலே சொன்ன எல்லாம் செய்தும் இருபது சதவீதம் கூடக் காலியாகவில்லை, அல்லது ஒவ்வொரு மாதமும் இதே வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது என்றால் தயங்க வேண்டாம். எஸ்எஸ்டி விளிம்பு வரை நிறைந்தால் எழுதும் வேகம் குறையும், உள்ளுக்குள் தகவலை நகர்த்தி வைக்க அதற்கு வெற்றிடம் வேண்டும். வாங்குவதற்கு முன் உங்கள் லேப்டாப்பில் எஸ்எஸ்டியை மாற்றவே முடியுமா என்று பாருங்கள், சில மெல்லிய மாடல்களில் அதை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், அப்படியானால் வெளி டிஸ்க் ஒன்றுதான் வழி. மாற்ற முடியும் என்றால் எம்.2 இடத்தில் (எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) என்விஎம்இ வகையா சாட்டா வகையா, நீளம் 2280-ஆ (80 மிமீ) 2242-ஆ (42 மிமீ) என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போங்கள். இரண்டாவது எம்.2 இடம் காலியாக இருந்தால் பழையதைக் கழற்றவே தேவையில்லை, புதியதை டி டிரைவாகப் போட்டு கேம்களையும் வீடியோக்களையும் அங்கே மாற்றிவிடலாம், இதுதான் இருப்பதிலேயே சிரமம் குறைந்த வழி.

ஒரே இடம்தான் உண்டு என்றால் பழையதை அப்படியே புதியதற்குக் குளோன் செய்ய வேண்டும். குளோனசில்லா என்ற மென்பொருள் இலவசம், ஆனால் எழுத்துத் திரையில் ஓடும், பழக்கமில்லாதவர்கள் எஸ்எஸ்டி தயாரித்த நிறுவனமே தரும் குளோன் மென்பொருளைப் பயன்படுத்தலாம். அதற்கு முன், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்து அதன் ரெகவரி கீயைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், புது டிஸ்க்கில் முதல் முறை கிளம்பும்போது அது கேட்கலாம். குளோன் முடிந்தபின் சி டிரைவ் இன்னும் பழைய அளவையே காட்டினால் பதற வேண்டாம், மிச்ச இடம் ஒதுக்கப்படாமல் கிடக்கிறது, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் எக்ஸ்டெண்ட் வால்யூம் கொடுத்தால் சேர்ந்துகொள்ளும். நடுவில் ரெகவரி பார்ட்டிஷன் (கணினியைச் சரிசெய்ய விண்டோஸ் ஒதுக்கி வைத்த பகுதி) குறுக்கே நின்றால் அந்த வரி மங்கலாக இருக்கும், அப்போது அந்தப் பார்ட்டிஷனைக் கடைசிக்கு நகர்த்தித் தரும் கருவி ஒன்று தேவைப்படும். எல்லாம் முடிந்தாலும் பழைய எஸ்எஸ்டியை இரண்டு வாரமாவது அழிக்காமல் எடுத்து வையுங்கள்.